மஞ்சள் ரிப்பனும் ஐந்தாண்டுக் கணக்கும்

சிறையிலிருந்து வெளிவருவோருக்கு மறுவாய்ப்பு கேட்கும் சிங்கப்பூரின் மஞ்சள் ரிப்பன் திட்டம் குறிவைத்தது கைதிகளைவிட ஊராரைத்தான். 2004-இல் அன்றைய அதிபர் எஸ்.ஆர். நாதன் இதைத் தொடங்கிவைத்தார். பெயர், 1973-இல் புகழ்பெற்ற ஓர் அமெரிக்கப் பாட்டிலிருந்து வந்தது. அதில், தண்டனை முடிந்து பஸ்ஸில் ஊர் திரும்புகிறவன், தன்னை இன்னும் ஏற்றுக்கொள்வதாயிருந்தால் வாசல் மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டிவைக்கும்படி தன்னவளுக்கு எழுதியிருப்பான்.

மறுவாழ்வுக்கான ஏற்பாடுகள் சாங்கி சிறைக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன. சலவைக்கூடம், ரொட்டிக்கூடம் போன்ற இடங்களில் கைதிகள் வேலை பழகுகிறார்கள். துல்லியப் பொறியியல், சரக்குக் கையாளுதல் போன்ற துறைகளிலும் பயிற்சி உண்டு. இதைக் கவனிப்பது, 1976-இல் தொடங்கி 2020 முதல் ‘மஞ்சள் ரிப்பன் சிங்கப்பூர்’ என்ற பெயரில் இயங்கும் அமைப்பு. முதலாளிகள் சிறைக்கே வந்து நேர்காணல் நடத்துவதால், பலர் கையில் வேலையோடு வெளியே வருகிறார்கள். கைச்செலவுக்குப் பழைய கூட்டாளியிடம் போய் நிற்க வேண்டிய நிலை இதனால் குறைகிறது.

வெளியே வந்ததும் எல்லாரும் நேரே வீட்டுக்குப் போவதில்லை. மீண்டும் தவறும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு 2014 முதல் கட்டாயப் பின்பராமரிப்பு உண்டு: முதலில் இடைத்தங்கல் இல்லம், பிறகு கண்காணிப்போடு வீடு, அதன்பின் கட்டுப்பாடுகள் மெல்லத் தளரும் காலம். இல்லத்தில் இருப்பவர் பகலில் வேலைக்குப் போய்விட்டு, குறித்த நேரத்துக்குள் திரும்பியாக வேண்டும். சிறைவாசிகளில் பெரும்பாலோர் போதைப்பொருள் வழக்கில் வந்தவர்கள் என்பதால் சிறுநீர்ப் பரிசோதனையும் தொடரும். இந்து அறக்கட்டளை வாரியமும் ‘ஆசிரமம்’ என்றொரு இல்லத்தை இந்தியச் சமூகத்தவருக்காக நடத்திவந்திருக்கிறது.

ஆள் உள்ளே இருக்கும்போதே குடும்பம் சிதறிவிட்டால், திரும்பிவர வீடு இருக்காது. அதற்காக 2010 முதல் வட்டாரத் தொண்டூழியர்கள் கைதிகளின் வீடுகளுக்குப் போய், வாடகை பாக்கி, பிள்ளைகளின் படிப்பு என்று விசாரித்து உதவிக்கு வழிகாட்டுகிறார்கள். சத்தமில்லாத இந்த வேலை, ரிப்பன் குத்திக்கொள்ளும் விழாக்களைவிடப் பெரியது.

சட்டமும் கொஞ்சம் இறங்கிவந்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறைத்தண்டனை பெற்ற சிறு குற்றவாளி, ஐந்தாண்டு வேறு குற்றமின்றி இருந்தால், அவருடைய குற்றப்பதிவு காலாவதியானதாகக் கொள்ளப்படும். கடுங்குற்றங்களுக்கு இது பொருந்தாது. அரசு வேலைக்கான விண்ணப்பத்தில் குற்றப்பின்னணி பற்றிய கேள்வி 2017-இல் நீக்கப்பட்டது. தேர்வுப் பட்டியலில் இடம்பெற்ற பிறகே அது கேட்கப்படும்.

1998-இல் விடுதலையானவர்களில் 44.4 சதவீதத்தினர் இரண்டாண்டுக்குள் மீண்டும் சிக்கினார்கள். அண்மை ஆண்டுகளில் அது 20 சதவீதத்தை ஒட்டி இறங்கியிருக்கிறது. மெச்சத்தக்க சரிவுதான். ஆனால் ஐந்தாண்டுக் கணக்கைப் பார்த்தால், ஏறத்தாழ ஐந்தில் இருவர் சிறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். கட்டாயக் கண்காணிப்பு அதற்குள் முடிந்திருக்கும். பின்பு துணைநிற்பது குடும்பமும் முதலாளியும் தாமாக முன்வரும் தொண்டூழியர்களும் மட்டுமே.