விழுந்த பனைமட்டையில் ஒரு பிரஷ்

சங்கரன்கோவில் பக்கம் வரப்புப் பனைக்குப் பஞ்சமில்லை. உதிர்ந்த மட்டையை அடுப்பில் வைத்துவிட்டு, தொழுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கக் கடையில் நைலான் பிரஷ் வாங்குகிறோம். வங்கியில் கணக்குப் பார்த்தவனுக்கு இது உறுத்தத்தான் செய்யும்.

செய்வது சுலபம். மட்டையின் இரு ஓரக் கருக்கையும் அரிவாளால் சீவி, ஒரு முழம் நறுக்குங்க. ஒரு முனையை நாலு விரல் அளவுக்கு, நன்றாக இளகும்வரை தண்ணீரில் ஊறப்போடுங்க. பிறகு அதைக் கல்லில் வைத்துக் கட்டையால் தட்டினால் சோறு கழன்று நார் பிரியும். அலசி நிழலில் காயவைங்க. தட்டாத பகுதிதான் கைப்பிடி. பசை, ஆணி எதுவும் வேண்டாம். வேலை முடிந்ததும் கழுவித் தொங்கவிடணும்.

சுண்ணாம்பின் காரம் விலங்கு முடியை அரித்துவிடும்; பனைநார் தாங்கும். பிரஷ் செய்வதற்காகவே நம் பனந்தும்பு தூத்துக்குடியிலிருந்து வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது.

"அப்போ சவர பிரஷ்ஷும் செய்யலாமே?" என்று கேட்கிறார்கள். இந்த நார் முரடு, முகத்துக்கு ஆகாது. அதற்காகச் செத்த மாட்டின் வால்முடியைத் தொட்டுவிடாதீங்க. முதல் உலகப் போர்க் காலத்தில், சரியாகச் சுத்தம் செய்யாத குதிரைமுடி சவர பிரஷ்ஷால் பிரிட்டன், அமெரிக்கப் படைவீரர்களுக்கு அடைப்பான் நோய் வந்தது. அந்தக் கிருமியின் வித்து முடியில் பல வருஷம் உயிரோடு கிடக்கும்.

பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021இல் அறிவித்தது. சட்டத்தை விடுங்க, சூளைக்கு விற்றால் ஒருமுறைதான் பணம். மரம் நின்றால் மட்டை வருஷா வருஷம் விழும். முதலில் கைவைக்காமல் வட்டியை எடுங்க.