பட்ஜெரிகர்: வறண்ட நிலத்தின் குட்டிக் கிளி

பறவைக் கடைக்குப் போய் 'லவ் பேர்ட்ஸ்' வேண்டும் என்று கேட்டால், பெரும்பாலும் பட்ஜெரிகர் என்னும் சிறு கிளியைத்தான் பிடித்துக் கொடுப்பார்கள். உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். பட்ஜெரிகரின் சொந்த மண் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. அங்கே மழை எப்போது பெய்யும், எங்கே பெய்யும் என்று சொல்ல முடியாது. புல் விதை முற்றிய இடத்தைத் தேடிக் கூட்டமாகப் பறப்பதும், தண்ணீர் வற்றினால் இடம் மாறுவதுமே இதன் வாழ்க்கை. இந்த நாடோடி வாழ்க்கையைப் புரிந்துகொண்டால் வளர்ப்பு முறை பாதி விளங்கிவிடும்.

ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கூல்ட் 1840-ல் இவற்றை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். காட்டுப் பறவை சுமார் 18 செ.மீ. நீளம், 30 முதல் 40 கிராம் எடை. நிறம் பச்சையும் மஞ்சளும். முதுகில் கறுப்பு வரிகள். நீலமும் வெள்ளையும் கூண்டு வளர்ப்பில் பெருகிய நிறங்கள். இறகில் நீல நிறமி என்று எதுவும் கிடையாது. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் நீலம் தெரிகிறது. அதனுடன் மஞ்சள் நிறமி சேர்ந்தால் பச்சை. மரபணு மாற்றத்தால் மஞ்சள் நிறமி உருவாகாத பறவை நீலமாகவே வளர்கிறது.

ஆண், பெண் அடையாளம் அலகுக்கு மேலே, மூக்குத் துளைகளைச் சுற்றியுள்ள தோலில் இருக்கிறது. வளர்ந்த ஆணுக்குப் பெரும்பாலும் அது நீலம். பெண்ணுக்கு வெளிர் நிறம், இனப்பெருக்கக் காலத்தில் பழுப்பு.

இது தின்னும் அழகை அருகிலிருந்து பார்க்க வேண்டும். ஒரு தினையை அலகில் எடுத்து, நாக்கால் மேலலகோடு அழுத்தி உருட்டும். கணப்பொழுதில் உமி தனியே உதிரும். பருப்பு மட்டும் உள்ளே போகும். உமி மறுபடி கிண்ணத்திலேயே விழுவதால், கிண்ணம் நிறைந்திருப்பதுபோலத் தோன்றும். அதை நம்பி இரை போடாமல் விட்டால் பறவை பட்டினி கிடக்கும். தினமும் உமியை ஊதித் தள்ளிவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

தினை, சாமை, கம்பு நல்ல இரை. ஆனால் தானியம் மட்டும் போதாது. வைட்டமின் ஏ குறையும், ஈரலில் கொழுப்பு சேரும். முருங்கைக்கீரை, கொத்தமல்லி, துருவிய கேரட் ஆகியவற்றை நன்றாகக் கழுவிக் கொடுக்கலாம். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. அவகாடோவும் சாக்லேட்டும் நஞ்சு.

கூட்டத்தில் வாழ்ந்த பறவைக்குத் தனிமை தண்டனை. ஜோடி சேர்ந்த ஆண், தன் துணையின் அழைப்பொலியைக் கேட்டுக் கேட்டு அதே ஒலியில் கூப்பிடக் கற்றுக்கொள்ளும். அந்த அளவுக்குத் துணையோடு ஒட்டிய உயிர் இது. குறைந்தது இரண்டாக வளர்க்க வேண்டும். கூண்டு உயரத்தைவிட அகலம் கூடியதாக, குறுக்கே சிறகடித்துப் பறக்க இடம் உள்ளதாக இருக்கட்டும். உட்காரும் குச்சிகள் ஒரே பருமனில் இருந்தால் கால் புண்ணாகும். வெவ்வேறு பருமனுள்ள வேம்பு, கொய்யாக் கிளைகளைக் கட்டுங்கள்.

மழை பெய்து விதை பெருகும்போது மரப்பொந்தில் முட்டையிடுவது காட்டு வழக்கம். கூண்டில் இரைக்குப் பஞ்சமில்லை. பொந்துக்குப் பதிலாகப் பானையும் தொங்குகிறது. அதனால் ஓய்வின்றி முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு ஈட்டுக்கு நான்கு முதல் ஆறு முட்டை, சுமார் 18 நாள் அடை. இரண்டு ஈடு முடிந்ததும் பானையை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் தாய்ப் பறவையின் உடம்பு நொடித்துப்போகும்.

வேட்டைப் பறவைகளுக்கு அஞ்சி வாழ்ந்த இனம் என்பதால் நோயை வெளிக்காட்டாது. இறகைச் சிலுப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்திருந்தால் நோய் முற்றியிருக்கும்; அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். சமையலறைப் பக்கம் கூண்டை வைக்காதீர்கள். நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடானால் எழும் புகை சில நிமிடங்களில் பறவையைக் கொன்றுவிடும்.

நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பட்ஜெரிகர் தலைமுறை தலைமுறையாகக் கூண்டில் பிறந்து வளர்வது. பொதுவாக ஐந்து முதல் பத்து ஆண்டு வாழும். அத்தனை ஆண்டும் பொறுப்பேற்க முடியுமா என்று வீட்டில் கலந்து பேசிவிட்டு வாங்குங்கள். சலித்துப்போய்த் திறந்து விடுவது விடுதலை ஆகாது. இரை தேடவும் காக்கையிடமிருந்து தப்பவும் அதற்குத் தெரியாது. வளர்க்க முடியாமல் போனால், அக்கறையோடு வளர்க்கும் ஒருவர் கையில் ஒப்படையுங்கள்.