தலைகளை எண்ணும் சென்சார்கள்

ஒரு கடைக்குள் இப்பொழுது எத்தனை பேர் இருக்கிறார்கள்? வாசலில் ஒருவரை நிறுத்தி எண்ணச் சொல்லலாம். கூட்டம் பெருகினால் அவரால் முடியாது. அந்த வேலையைத்தான் சென்சாரும் கம்ப்யூட்டரும் செய்கின்றன. அவை எப்படி எண்ணுகின்றன என்று பார்ப்போம்.

ஒளிக்கதிர் சென்சார்

இதுதான் எளிமையானது, விலையும் குறைவு. வாசலின் ஒரு பக்கத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட் கதிர் எதிர்ப்பக்கம் பாயும். யாராவது குறுக்கே போனால் கதிர் தடைபடும். எண்ணிக்கையில் ஒன்று கூடும். அடுத்தடுத்து இரண்டு கதிர்களை வைத்தால், எது முதலில் தடைபட்டது என்பதைக் கொண்டு உள்ளே போனவரா, வெளியே வந்தவரா என்றும் அறியலாம். உள்ளே போனவர்களிலிருந்து வெளியே வந்தவர்களைக் கழித்தால் உள்ளே இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது கிடைத்துவிடும்.

கணக்கு எங்கே தவறுகின்றது?

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, குண்டனி நாடு போன்ற ஊராட்சிகள் உள்ள மலைக்கு மேலே செல்லலாம். அங்கே ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். அப்படிகளில் ஒரு கதிர் சென்சார் வைப்பதாகக் கற்பனை செய்து கொள்ளுங்கள்.

இறங்கும்போது கூட்டமாகப் பேசிக்கொண்டே இறங்குவார்கள். இருவர் தோளோடு தோள் சேர்ந்து போனால் சென்சார் ஒருவர் என்றே எண்ணும். ஏறும்போது மூச்சு வாங்க ஒவ்வொருவராக வருவார்கள். எண்ணிக்கை சரியாக இருக்கும். இறங்கிய 3,000 பேரை 2,940 என்றும், ஏறிய 2,500 பேரைச் சரியாகவும் எண்ணினால் கம்ப்யூட்டர் திரையில் 440 என்று தெரியும். உண்மையில் கீழே இருப்பவர்கள் 500 பேர். வெறும் 2 சதவீதப் பிழை, கழித்த பிறகு 12 சதவீதமாகி விட்டது! திடீரென்று வெள்ளம் வந்தால் அந்த 60 பேரை யாரும் தேட மாட்டார்கள். அதனால்தான் இத்தகைய கருவிகளை நம்புவதற்கு முன், ஒரு மணி நேரமாவது ஆள் வைத்து எண்ணி ஒப்பிட வேண்டும்.

மேலிருந்து பார்க்கும் சென்சார்கள்

இந்தக் குறையைப் போக்க, தலைக்கு மேலே பொருத்தும் சென்சார்கள் உண்டு. ஒளி சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தை அளப்பது ஒரு வகை. தலை அருகிலும் தரை தொலைவிலும் இருப்பதால், அருகருகே வரும் இருவரைத் தனித்தனியாகப் பிரித்து விடும். முகம் பதிவாவதில்லை. கேமரா வகையில் ஒவ்வொரு தலையையும் சாப்ட்வேர் அடையாளம் காண்கின்றது. படம் பதிவாவதால், அதை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்பது நல்லது.

செல்போன்களின் வைஃபை சிக்னலை எண்ணும் முறையும் உண்டு. 2014ல் ஆப்பிளும், 2019ல் ஆண்ட்ராய்டு 10ம் போனின் வைஃபை முகவரியை மாற்றி மாற்றிக் காட்டத் தொடங்கியதால் இம்முறையின் துல்லியம் குறைந்துவிட்டது.

எண்ணினால் போதுமா?

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் முறை வந்தது. மலைக்கு எத்தனை வாகனங்கள் வருகின்றன என்பதை அது சொல்லும். ஒரே பூங்காவில் எத்தனை பேர் நெருக்குகிறார்கள் என்பதைச் சொல்லாது. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் நெரிசலில் 11 பேர் இறந்தனர். ஆபத்து மைதானத்துக்கு வெளியேதான் இருந்தது. வாசலைத் தாண்டியவர்களை மட்டும் எண்ணும் கருவி, வாசலுக்கு வெளியே நெருக்கியடிப்பவர்களை எண்ணாது.

ஆகவே, சென்சாரை எங்கே வைப்பது, எந்த எண்ணிக்கையில் வாசலை மூடுவது, மூடச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற மூன்றையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். சென்சார் எண்ணிக்கை தரும். வாசலை மூடும் முடிவை மனிதர்தான் எடுக்க வேண்டும்.