படம் சொல்லும் இடம்
2015-ஆம் ஆண்டில் ஸ்ரீசிட்டியில் ஷாவ்மி கைப்பேசிகள் ஒருங்கிணைக்கப்படலாயின. அன்று சித்தூர் மாவட்டத்திலிருந்த அவ்விடம், 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. இத்தகைய கைப்பேசிகள் எடுக்கும் படங்கள் இன்று அரசுச் சான்றாகவும் விளங்குகின்றன. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில், கட்டுமான நிலைகளைக் காட்டும், இருப்பிடமும் நேரமும் பதிந்த படங்களின் அடிப்படையிலேயே தவணைகள் விடுவிக்கப்படுகின்றன. எனவே ஊழியர்கள் ‘செட்டிங்ஸ்’ பகுதியில் இருப்பிடச் சேவையை இயக்கி, உரிய செயலிக்கு அனுமதியளித்து, தேதியும் நேரமும் தாமாகவே அமையுமாறு வைத்தல் வேண்டும். செயற்கைக்கோள் சைகை தெளிவாகக் கிடைக்கத் திறந்த வெளியில் சற்று நின்று படமெடுத்தல் நலம். இதில் தவறினால் ஏழையின் தவணை தாமதமாகும். சொந்தப் படங்களுக்கோ நிலைமை நேர்மாறானது. கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்தாவிடில், அனுப்பும் படத்தோடு வீட்டின் இருப்பிடமும் பிறர் கைக்குச் செல்லக்கூடும்.