உப்பின் அளவும் உயிரின் அளவும்



ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பச்சைத் தோலின்மேல் உப்பு தடவி அடுக்கி வைத்திருப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அந்த உப்பு தோலிலுள்ள ஈரத்தை வெளியே இழுக்கிறது. ஈரமில்லாததால் கிருமிகள் பெருகுவதில்லை. நம் வீட்டு ஊறுகாய் கெடாமலிருப்பதும் இதனாலேயே.

ஒரு பொருள் கரைந்ததும் தண்ணீரின் குணம் மாறுகிறது. சுத்தமான தண்ணீர் 0 டிகிரியில் உறையும். கடல்நீர் உறைய ஏறக்குறைய மைனஸ் 2 டிகிரி வேண்டும். நடுவில் மெல்லிய சவ்வு இருந்தால், செறிவு குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் செல்லும். இதுவே சவ்வூடு பரவல். கரைந்தது எது என்பதைவிட, எத்தனை துகள்கள் கரைந்தன என்பதே இதில் முக்கியம்.

நம் இரத்த அணுக்களுக்கும் சவ்வு உண்டு. வெறும் தண்ணீரை நரம்பில் ஏற்றினால் அவை ஊதி வெடித்துவிடும். ஆகவேதான் சலைனில் லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது.

தோலைக் கழுவிய உப்புநீரால் பாலாற்றங்கரைக் கிணறுகள் பல கரித்துப்போயின. 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் கடுமையான தீர்ப்பளித்தது. ஆனால் கரைந்த உப்பு வண்டலாகப் படியாது. கழிவை உண்ணும் நுண்ணுயிர்களும் அதைத் தின்னாது. சவ்வின் வழியே தண்ணீரை எதிர்த்திசையில் அழுத்தித் தள்ளித்தான் பிரிக்க வேண்டும். உப்பு கூடக் கூட அழுத்தமும் மின்செலவும் கூடும். தோலை ஊறவைக்குமுன் உப்பை உதறி எடுப்பதே மலிவான வழி.

வயிற்றுப்போக்கு கண்ட பிள்ளைக்கு, 'கெட்டியாகக் கொடுத்தால் சீக்கிரம் குணமாகும்' என்றெண்ணி, ஒரு டம்ளர் நீரில் முழு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் கரைக்கும் தாய்மாரைச் சந்திக்கிறோம். அன்பினால் செய்வதுதான். ஆனால் அந்தக் கரைசல் உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்து, போக்கை அதிகமாக்கும். இரத்தத்தில் உப்பும் ஏறும். உலக சுகாதார நிறுவனமே 2002இல் இக்கரைசலின் செறிவை லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோலிலிருந்து 245 ஆகக் குறைத்தது.

ஆகவே ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் நீரில்தான் கரைக்க வேண்டும். கிணற்றுநீர் கரித்தால் அது உதவாது. கொதிக்க வைத்தாலும் உப்பு போகாது. காய்ச்சி ஆறவைத்த நல்ல நீரே வேண்டும். அந்த நல்ல நீருக்காகத்தான் நம் பகுதித் தாய்மார் குடத்தோடு காத்திருக்கிறார்கள்.

உங்கள் காணிக்கைகள் பாக்கெட்டாகவும் சலைனாகவும் வார்டுக்கு வந்துசேருகின்றன. நன்றி. இன்னும் ஒரு உதவி: இந்த ஒரு லிட்டர் கணக்கை உங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் சொல்லுங்கள்.