நடமாடும் வீட்டைச் சாலைக்குத் தகுதியாக்குதல்

உறங்குவதற்குப் படுக்கை, சமைப்பதற்கு அடுப்பு, நீர்த்தொட்டி, சிறு குளிர்பெட்டி ஆகியவற்றைத் தன்னகத்தே கொண்ட மோட்டார் வண்டியை மேல்நாடுகளில் மோட்டார்ஹோம் என்பர். நம் நாட்டில் அது பொதுவாகக் கேரவன் என்ற பெயரால் வழங்குகிறது. நெடுநாள் வெளியிடங்களில் தங்கி நில ஆய்வோ பயிர் ஆய்வோ செய்வோருக்கு இவ்வண்டி ஒரு கூடாரத்தின் வேலையையும் ஒரு விடுதியின் வேலையையும் ஒருங்கே செய்யும். ஆனால் சில ஆண்டுகள் ஓடியபின் இத்தகைய வண்டி ஏதேனும் ஒரு மரத்தடியில் நிறுத்தப்பட்டு மறக்கப்படுவது வழக்கம். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து ஒருவர் அதனை வாங்குகிறார். புதிய பாட்டரியை இணைத்துச் சாவியைத் திருப்புகிறார். எஞ்சின் சற்று இருமிவிட்டு ஓடத் தொடங்குகிறது. உடனே வண்டி பிரயாணத்திற்குத் தயார் என்று முடிவு செய்துவிடுகிறார். ஆபத்து தொடங்குமிடம் இதுவே.

எஞ்சின் எண்ணெயில் ஊறிய உலோகம். அது பல ஆண்டுகள் தாங்கும். நிற்கும் வண்டியில் கெடுபவை ரப்பர், திரவங்கள், மரம், பாட்டரியின் ஈயத்தகடுகள், பலகணிகளைச் சுற்றியுள்ள அடைப்புப் பசை ஆகியவை. இவற்றுள் பெரும்பாலானவை கண்ணுக்குப் புலப்படாமலேயே கெடுகின்றன. ஆகையால் பழுது பார்ப்பவர் வண்டியை ஓட வைக்கும் உறுப்புகளுக்கு முன்னதாக அதனை நிறுத்தும் உறுப்புகளைக் கவனிக்க வேண்டும்.

அதற்கும் முன்னதாகக் காகிதங்களைப் பார்த்துவிடுதல் பணத்தை மிச்சப்படுத்தும். சொந்த உபயோகத்திற்கான வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதி ஆய்வின் பேரில் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அரசுத் துறைகளின் வண்டிகளுக்கோ இவ்வாய்ப்பு இல்லை. 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. எனவே அலுவலக வளாகத்தில் நிற்கும் பழைய முகாம் வண்டிக்கு உயிரூட்ட எண்ணும் களப்பணியாளர் முதலில் அதன் வயதைக் கணக்கிட வேண்டும். மேலும், தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றியமைப்பதற்கு 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடை விதிக்கிறது. ஏற்கெனவே கேரவனாகப் பதிவான வண்டியைச் செப்பனிடுவது வேறு. சாதாரணச் சரக்கு வண்டிக்குள் தச்சரைக் கொண்டு கட்டிலும் அடுப்பும் அமைப்பது வேறு.

இனி, பிரேக். மணாலிக்கு வடக்கே ரோதங் கணவாய் 3,978 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து மணாலிக்கு இறங்கும் வண்டி சுமார் 51 கிலோமீட்டர் தொலைவில் ஏறத்தாழ 1,900 மீட்டர் கீழே வருகிறது. வண்டியின் எடை 3,000 கிலோகிராம் எனக் கொண்டால், அது இழக்கும் நிலையாற்றல் சுமார் 5.6 கோடி ஜூல். அவ்வாற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால் 30 டிகிரி சென்டிகிரேடில் உள்ள 190 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. காற்றின் தடையும் உருளும் சக்கரங்களின் உராய்வும் ஒரு பகுதியை ஏற்கின்றன. ஓட்டுநர் தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் மற்றொரு பெரும்பகுதியை ஏற்றுக்கொள்ளும். உயர்ந்த கியரில், பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் எஞ்சிய வெப்பம் முழுவதும் நான்கு சக்கரங்களில் வந்து சேரும்.

அவ்வெப்பம் பிரேக் திரவத்தை எட்டும்போதுதான் வண்டி எத்தனை ஆண்டுகள் நின்றது என்பது வெளிப்படுகிறது. இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 எனக் குறிக்கப்படும் திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கலாகாது என்பது தரவிதி. அதில் 3.7 சதவிகிதம் நீர் கலந்துவிட்டால் இவ்வரம்பு 140 டிகிரியாகத் தாழ்கிறது. டாட் 4 திரவத்திற்கு இவை முறையே 230, 155 டிகிரிகள். கொதித்த திரவத்தில் ஆவிக் குமிழிகள் உண்டாகின்றன. திரவம் அழுத்தத்திற்குச் சுருங்காது. ஆவியோ எளிதில் சுருங்கும். எனவே மிதிகட்டை தரைவரை இறங்கியும் சக்கரங்கள் பிடிபடாமல் போகின்றன. சமவெளியில் நன்றாக இருந்த பிரேக், மலை இறக்கத்தில் முன்னறிவிப்பின்றிக் கைவிடுவது இவ்வாறே.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். இரண்டு ஊசிக்குழல்களை ஒரு மெல்லிய குழாயால் இணைத்துத் தண்ணீரால் நிரப்பி, ஒன்றின் தண்டின்மீது சிறு பாரத்தை வைக்க வேண்டும். மற்றதை அழுத்தினால் பாரம் உடனே உயரும். இடையில் ஒரு காற்றுக் குமிழியைப் புகுத்திவிட்டு மீண்டும் அழுத்தினால் தண்டு முதலில் உட்செல்லும், பாரம் உடனே அசையாது. மாணவர்கள் இதனை ஒருமுறை கண்டபின் விளக்கவுரை தேவைப்படுவதில்லை.

ஆகவே திரவம் முழுவதையும் வெளியேற்றிப் புதியதை நிரப்புதல் கட்டாயமாகும். ரப்பர் குழாய்களையும் மாற்றிவிட வேண்டும். முதுமையுற்ற குழாய் வெளியே நன்றாகத் தோன்றினும் உட்புறம் வீங்கித் திரவத்தைத் திரும்பவிடாமல் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துவிடும். வெற்றிட உதவியால் இயங்கும் பிரேக்கு காற்றழுத்தத்தை நம்பியிருப்பது. ரோதங் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கினும் குறைவாதலால் அங்கு மிதிகட்டையை வலுவாக அழுத்த வேண்டியிருக்கும் என்பதையும் ஓட்டுநர் அறிந்திருத்தல் நலம்.

டயர்களின் மேற்பள்ளங்களைக் கண்டு மயங்கலாகாது. கேரவன் குறைவாகவே ஓடுவதால் பள்ளங்கள் புதியனபோல் இருக்கும். ரப்பர் முதுமை அடைந்திருக்கும். பக்கச்சுவரில் பொறித்த நான்கு இலக்கங்கள் உண்மையைக் கூறும். 2318 என்றிருந்தால் 2018ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஐந்து ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் ஆய்வதும் பத்து ஆண்டு நிறைந்ததை எவ்வாறு தோன்றினும் நீக்குவதும் தயாரிப்பாளர்களின் பொதுவான அறிவுரை. சரக்கு வண்டி ஊர் சேர்ந்ததும் பாரத்தை இறக்கிவிடும். கேரவனின் டயர்களோ நிற்கும்போதும் வீட்டின் பாரத்தைச் சுமந்து, ஒரே இடத்தில் நசுங்கியபடி வெயிலில் காய்கின்றன. மாற்றுச் சக்கரத்தையும் மறக்கலாகாது.

வண்டியை விட்டு வீட்டிற்கு வந்தால், அங்கே முதற்பகை மழைநீர். கூரைப் பொருத்துகளிலும் பலகணி ஓரங்களிலும் உள்ள பசை வெடித்ததும் நீர் சுவருக்குள் இறங்குகிறது. உள்ளே மரச்சட்டங்களில் ஈரம் 20 சதவிகிதத்திற்கு மேல் நிலைத்திருந்தால் மரத்தை உண்ணும் பூஞ்சணம் வளரத் தொடங்கும். ஒட்டுப்பலகையின் மேல்வண்ணம் கெடுவதற்குள் சட்டம் பஞ்சாகிவிடும். மூலைகளில் கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பதும் பழைய முறைகளாயினும் நம்பத்தக்கவை. நல்ல மரம் கணீரென்றும் உளுத்த மரம் மந்தமாகவும் ஒலிக்கும். பழைய பசையின்மீதே புதிய பசையைப் பூசுவது பயன்தராது. அதிலும் சிலிக்கோன் பசையின் எச்சத்தின்மீது வேறெந்தப் பசையும் ஒட்டாது. முற்றும் சுரண்டித் துடைத்த பின்னரே பூச வேண்டும். அலுமினியத் தகட்டில் எஃகுத் திருகாணிகள் அடித்த இடங்களில், ஈரம் சேர்ந்ததும் இரு உலோகங்களும் ஒரு மின்கலம்போல் செயற்பட்டு, அலுமினியம் வெண்பொடியாக அரிக்கப்படும். மழைக்காலம் முடிந்து சுவர் நன்கு காயும் மாதங்களே இவ்வேலைக்கு ஏற்றவை.

மின்னமைப்பைப் புதுப்பிப்போர் பெரும்பாலும் வீட்டு மின்சாரத்தின் அனுபவத்தை 12 வோல்ட் வண்டிக்குள் கொண்டுவருகின்றனர். இது பொருந்தாது. 120 வாட் குளிர்பெட்டி ஒன்று 230 வோல்ட்டில் அரை ஆம்பியர் அளவே மின்னோட்டம் எடுக்கும். 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் எடுக்கும். பாட்டரியிலிருந்து ஆறு மீட்டர் தொலைவு என்றால் போகவர 12 மீட்டர் கம்பி. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியானால் அதன் தடை சுமார் 0.14 ஓம். ஆகவே 1.4 வோல்ட் வழியிலேயே வெப்பமாகத் தொலையும். குளிர்பெட்டி தயங்கும், கம்பி சூடேறும். 6 சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு மூன்றில் ஒரு வோல்ட் அளவே. ஒவ்வொரு கிளைக்கும் தக்க பியூஸ் கம்பி, இயன்றவரை பாட்டரிக்கு அருகிலேயே இருத்தல் வேண்டும்.

பழைய ஈய அமிலப் பாட்டரி நெடுநாள் மின்னேற்றமின்றி நின்றிருந்தால் தகடுகளில் ஈய சல்பேட்டு கடினப் படிகங்களாக உறைந்திருக்கும். நீர்மானியில் அமிலத்தின் ஒப்படர்த்தி, முழு மின்னேற்றத்திற்குப் பின்னும் சுமார் 1.26 அளவை எட்டாவிடில் அதனைக் கழித்துவிடலாம். இக்காலத்தில் அதற்கு மாற்றாக லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டுப் பாட்டரி வந்துள்ளது. கலம் ஒன்று 3.2 வோல்ட் வீதம் நான்கு கலங்கள் 12.8 வோல்ட் தரும், எடையும் குறைவு. ஆயினும் இருவகைத் தடைகள் உண்டு. உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றம் செய்யலாகாது. ஆகவே லடாக்கின் குளிர்கால விடியலில் கூரைமேல் உள்ள சூரியத் தகடு வேலை செய்யினும் பாட்டரியை இளஞ்சூடாக்கும் வரை காத்திருக்க வேண்டும். மேலும் அது மின்னோட்டத்தைப் பேராவலுடன் ஏற்பதால், பழைய வண்டியின் ஆல்டர்னேட்டரை நேரடியாக இணைத்தால் அது சூடேறிக் கெடக்கூடும். இடையே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மின்னேற்றி அவசியம்.

உயிருக்கு நேரடியாக ஊறு செய்யக்கூடியது அடுப்பு. சமையல் வாயுவில் உள்ள புரொப்பேன் காற்றைப்போல் ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரு மடங்கும் கனமானவை. கசிந்த வாயு மேலே எழாமல் தரையில் தண்ணீர்போல் தேங்கும்; காற்றில் சுமார் 2 சதவிகிதம் சேர்ந்தாலே ஒரு சிறு பொறி அதனைப் பற்றவைக்கும். எனவே சிலிண்டர் இருக்கும் அறை, வாழும் பகுதியிலிருந்து முற்றிலும் அடைக்கப்பட்டு, அடித்தளத்தில் வெளிநோக்கித் திறந்த துளை உடையதாக இருக்க வேண்டும். பாட்டரியை அவ்வறையில் வைக்கலாகாது. அழகுக்காகவோ தூசியைத் தடுக்கவோ அத்துளையை அடைத்துவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. இதனினும் பெரிய தவறு வேறில்லை. ரப்பர் குழாயைப் புதிதாக மாற்றி, சோப்பு நீரால் கசிவை ஆய்ந்து, ஓடும்போது வால்வை மூடி வைக்க வேண்டும்.

மற்றொன்று கார்பன் மோனாக்சைடு. நிறமும் மணமும் அற்ற இவ்வாயு, பிராணவாயு போதாமல் எரியும் எந்தச் சுடரிலிருந்தும் பிறக்கும். இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் இது பிராணவாயுவினும் இருநூறு மடங்குக்கு மேற்பட்ட பற்றுடன் இணைகிறது. குளிரிரவில் கதவுகளை மூடி, அடுப்பையோ கரிக் கணப்பையோ எரியவிட்டு உறங்குவோர் விழித்தெழுவதற்குள் வலுவிழந்துவிடுவர். படுக்கை மட்டத்தில் ஓர் எச்சரிக்கைக் கருவியும், மூட இயலாத காற்றுத் துவாரங்களும் இருத்தல் வேண்டும்.

எஞ்சினுக்குச் செய்ய வேண்டியவை எந்தப் பணிமனையும் அறிந்தவையே: எண்ணெய், வடிகட்டிகள், பட்டைகள், குளிர்நீர், பழைய எரிபொருளை வடித்தெடுத்தல்.

இவையெல்லாம் முடிந்தபின் வண்டியைப் பிரயாணத்திற்குரிய எல்லாப் பொருள்களுடனும் எடைமேடைக்குக் கொண்டுசென்று, முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். நூறு லிட்டர் நீர்த்தொட்டி நிறைந்தால் நூறு கிலோகிராம். பாதி நிறைந்திருந்தால் வளைவுகளில் நீர் ஒருபுறம் சாய்ந்து வண்டியைத் தள்ளும். கூரைமேல் ஏற்றும் ஒவ்வொரு பொருளும் ஈர்ப்பு மையத்தை உயர்த்துகிறது. அனுமதித்த எடையை மீறினால், பொருள்களை இறக்குவது தவிர வேறு வழியில்லை.

முதல் ஓட்டம் வீட்டிற்கு அருகிலேயே அமைதல் வேண்டும். ஐம்பது கிலோமீட்டர் சென்று நின்று, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்பகுதியிலும் வெப்பத்தைக் கையால் உணர்ந்து பார்த்தால், இறுகிய பிரேக்கு எது என்பது தெரிந்துவிடும். சக்கர மரைகளையும் அப்போது மீண்டும் முடுக்க வேண்டும். அன்றிரவு அவ்வண்டியிலேயே உறங்கி, விடியலில் மெத்தையைத் தூக்கி அடியில் தடவிப் பார்க்க வேண்டும். உறங்கும் ஒருவரின் மூச்சிலிருந்தும் தோலிலிருந்தும் ஓரிரவில் ஏறத்தாழ கால் லிட்டர் நீர் ஆவியாக வெளிப்படுகிறது. அது குளிர்ந்த சுவரில் படிந்து வடியும். மழையில்லாத இரவில் கண்ட ஈரம் அம்மூச்சின் ஈரமாகவே இருக்கும். காற்றுத் துவாரத்தைத் திறந்து வைத்தால் மறுநாள் இராது. மழைக்குப் பின் மட்டும் தோன்றுமாயின், ஏணியை எடுத்துக்கொண்டு மீண்டும் கூரைக்கு ஏற வேண்டியதுதான்.