வேப்பங்கொட்டைச் சாறும் நெல்லின் பற்றீரியா இலை வெளிறலும்

கமக்காரர்களே, உங்கள் வயலில் நெல்லிலையின் நுனியும் ஓரங்களும் மஞ்சளாகி, பின் வைக்கோல் நிறமாய்க் காயுமாயின் பற்றீரியா நோயென ஐயுறுங்கள். அவ்விலையை நறுக்கித் தெளிந்த நீரில் இட்டால், வெட்டிய இடத்திலிருந்து பால்போன்ற கசிவு இறங்கும். பசளைக் குறைவென்றெண்ணி யூரியா இடுதல் நோயையே வளர்க்கும்.

நிழலில் உலர்த்திய வேப்பம்பருப்பு 50 கிராமை இடித்து, 1 லீற்றர் நீரில் ஓரிரவு ஊறவைத்து, துணியில் வடித்து, சிறிது சவர்க்காரம் கலந்து தெளியுங்கள். இச்சாறு பற்றீரியாவின் பெருக்கத்தைத் தணிக்கும். காய்ந்த இலையை மீட்காது. ஆதலால் முதற்குறி கண்டவுடனேயே தெளித்தல் வேண்டும். வெயில் இதன் வீரியத்தைக் கெடுக்குமாதலின் மாலை வேளையே உகந்தது. மீந்த சாற்றைச் சேமித்துவைப்பது வீண். நாற்றின் நுனியைக் கிள்ளி நடும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அக்காயத்தின் வழியே கிருமி உட்புகும்.